பூட்டிய டிஸ்க்கும் சரியான கேள்வியும்

என்க்ரிப்ட் செய்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "பாஸ்வேர்டு கரெக்டாத்தான் போடறேண்ணா, தொறக்க மாட்டேங்குது." பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மை. பாஸ்வேர்டு சரியாக இருக்கும், டிஸ்க் நல்ல நிலையில் இருக்கும், கோப்புகளும் உள்ளே அப்படியே இருக்கும். கோப்புக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் இரண்டு டிரைவர் மென்பொருள்கள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கும். அவற்றில் எது முன்னால், எது பின்னால் என்று கண்டுபிடித்து விலக்குவதுதான் இத்தனை வருடத்தில் எனக்குக் கைவந்த தொழில்.

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் நான் சர்வீஸ் கடை போட்டது 90களின் கடைசியில். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அப்பாவோ தாத்தாவோ ராஜா மில்லிலோ பின்னி மில்லிலோ மினர்வா மில்லிலோ வேலை பார்த்திருப்பார். மில்கள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு அடுத்த தலைமுறை கிடைத்த தொழிலைப் பிடித்துக்கொண்டது. எனக்குக் கிடைத்தது கம்ப்யூட்டர் அசெம்பிளிங். எஸ்.பி. ரோட்டில் போர்டும் ராமும் வாங்கி வந்து பூட்டிக் கொடுப்பேன். மல்லேஸ்வரத்து ஆடிட்டர்கள், ராஜாஜிநகர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பட்டறைகள், அச்சகங்கள் என்று வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள்.

விண்டோஸ் 98 காலத்தில் எந்தக் கோளாறுக்கும் வழி ஒன்றுதான். டேட்டாவை வேறு டிஸ்க்கில் காப்பி எடு, ஃபார்மட் செய், மறுபடி ஏற்று. மாலைக்குள் சிஸ்டம் தயாராகிவிடும். ஊர் முழுக்க சர்வீஸ் பையன்கள் இந்தப் பழக்கத்தில்தான் வளர்ந்தார்கள். என்க்ரிப்ஷன் வந்தவுடன் இதே பழக்கம் டேட்டாவை நிரந்தரமாக அழிக்கும் பழக்கமாக மாறிப்போனது. அதைப் புரிந்துகொள்ளப் பலருக்கு வருடங்கள் ஆயின. இன்றும் புரியாதவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் வந்தது விண்டோஸ் 2000-க்குள்ளேயே இருந்த ஈ.எஃப்.எஸ். என்ற கோப்பு என்க்ரிப்ஷன் ஏற்பாடு. 2001-ல் எக்ஸ்.பி. புரொஃபஷனல் வந்தபின் ஆபீஸ்களில் பரவியது. ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும், கோப்பின் பெயர் பச்சை நிறமாகிவிடும். அதற்கான சாவி அந்த யூசர் கணக்கோடு பிணைந்திருக்கிறது என்பது டிக் போட்டவருக்குத் தெரியாது. அந்தச் சாவி அடங்கிய சான்றிதழைத் தனியாக ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஓர் ஆடிட்டர் ஆபீஸில் நடந்தது இது. கணக்கெழுதும் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். அவன் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாததால், அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்து யாரோ புதுப் பாஸ்வேர்டு போட்டுவிட்டார்கள். பச்சைக் கோப்புகள் அத்தனையும் அனுமதி இல்லை என்றன. ஃபார்மட் செய்யலாமா என்று கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போன பையனின் நம்பரை வாங்கி அவனிடமே பழைய பாஸ்வேர்டைக் கேட்டேன். எக்ஸ்.பி.யில் வெளியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றினால் சாவி பூட்டிக்கொள்ளும். பழைய பாஸ்வேர்டையே திரும்பப் போட்டால் திறந்துகொள்ளும். போட்டோம், கோப்புகள் திறந்தன. ஃபார்மட் செய்திருந்தால் அந்த வருடக் கணக்கு மொத்தமும் போயிருக்கும். அப்படிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். சாவியும் சேர்ந்து அழிந்துவிட்டால் எந்த ரிகவரி மென்பொருளும் உதவாது. அந்தச் செய்தியை வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை.

டிரைவர் மோதல் என்ற தலைவலி அதற்கு அடுத்த கட்டத்தில் வந்தது. வேர்டிலோ எக்செலிலோ ஒரு கோப்பைத் திறந்தால், அந்தக் கோரிக்கை நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை. நடுவில் ஆன்டிவைரஸ் பார்க்கும், பேக்கப் மென்பொருள் பார்க்கும், என்க்ரிப்ஷன் மென்பொருள் பார்க்கும். ஒவ்வொன்றும் விண்டோஸின் அடிவயிற்றில் ஒரு ஃபில்டர் டிரைவரை உட்கார வைத்திருக்கும். பழைய நாட்களில் யார் மேலே, யார் கீழே என்பதற்குத் திட்டமான ஒழுங்கு கிடையாது. டிரைவர்கள் ஏறும் வரிசை மாறினால் அடுக்கும் மாறிவிடும். ஆன்டிவைரஸ் என்க்ரிப்ஷனுக்குக் கீழே போய்விட்டால் அது படிப்பதெல்லாம் பூட்டிய எழுத்து. வைரஸ் இருந்தாலும் அதன் கண்ணுக்குத் தெரியாது. இரண்டும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டால் ப்ளூ ஸ்கிரீன்.

2004-ல் எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2-டன் ஃபில்டர் மேனேஜர் என்ற ஏற்பாடு வந்தது. அடுக்குமாடியில் யாருக்கு எந்த மாடி என்று முன்கூட்டியே எழுதி வைப்பது போல, ஒவ்வொரு ஃபில்டருக்கும் ஓர் உயர எண்ணை மைக்ரோசாஃப்டே ஒதுக்கியது. ஆன்டிவைரஸுக்கு 3,20,000 முதல் 3,29,998 வரை. என்க்ரிப்ஷனுக்கு 1,40,000 முதல் 1,49,999 வரை. எண் பெரிதானால் இடம் உயரம். கோப்பு டிஸ்க்கிலிருந்து மேலே ஏறி வரும்போது முதலில் பூட்டு அவிழும், அதற்குமேல் இருக்கும் ஆன்டிவைரஸ் அவிழ்ந்த எழுத்தைப் பார்க்கும். இந்த வரிசை வந்தபிறகு எங்களைப் போன்றவர்களின் வேலை எவ்வளவோ சுலபமானது. டிரைவர் எழுதும் கம்பெனிகளை மைக்ரோசாஃப்ட் தன் இடத்துக்கு அழைத்து, எல்லாருடைய மென்பொருளையும் ஒன்றாக ஓட்டிப் பார்த்து மோதல்களைத் தீர்க்கும் வழக்கத்தையும் வைத்திருந்தது.

இன்றைக்கும் உங்கள் சிஸ்டத்தில் இதைப் பார்க்கலாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஃப்.எல்.டி.எம்.சி. (fltmc) என்ற ஐந்து எழுத்தை ஆங்கிலத்தில் அடித்தால் பட்டியல் வரும். விண்டோஸ் டிஃபெண்டரின் ஃபில்டர் 3,28,010-ல் இருக்கும். விண்டோஸின் சொந்த ஃபைல்கிரிப்ட் 1,41,100-ல் இருக்கும். பக்கத்தில் ஒவ்வொன்றும் எத்தனை இடத்தில் ஒட்டியிருக்கிறது என்ற எண்ணும் வரும். பழைய முறையில் எழுதிய ஃபில்டர் என்றால் லெகசி என்று காட்டும். மோதல் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இந்தப் பட்டியலைத்தான்.

இந்தப் பட்டியலின் அருமை ராஜாஜிநகரில் ஒரு பட்டறையில் தெரிந்தது. பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் இடம். வரைபடங்கள் வெளியே போகக் கூடாது என்பதால் அந்தக் கம்பெனி சொன்ன கோப்பு என்க்ரிப்ஷன் மென்பொருளைப் போட்டிருந்தார்கள். புது ஆன்டிவைரஸ் ஏற்றிய மறுநாள் காலை எந்த வரைபடமும் திறக்கவில்லை. எக்செல் கோப்பைத் திறந்தால் கிறுக்கல். சரிசெய்யட்டுமா என்று எக்செல் கேட்க, கணக்கர் ஆமாம் என்று சொல்லி சேவும் செய்துவிட்டார்.

போனதும் நான் சொன்ன முதல் வார்த்தை, "யாரும் எதையும் சேவ் பண்ணாதீங்க." கிறுக்கலாகத் தெரியும் கோப்பு கெட்டுப்போன கோப்பு அல்ல, இன்னும் பூட்டிலேயே இருக்கும் கோப்பு. அதைத் திறந்து சேவ் செய்த கணத்தில்தான் அது உண்மையிலேயே கெடுகிறது. பட்டியலைப் பார்த்தால் என்க்ரிப்ஷன் ஃபில்டர் ஏறியிருக்கிறது, ஆனால் ஒட்டிய இடம் பூஜ்யம். ஆன்டிவைரஸ் லெகசி என்று காட்டுகிறது. ஆன்டிவைரஸை அதன் தயாரிப்பாளர் தரும் நீக்கும் கருவியால் முழுதாக எடுத்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் பூஜ்யம் மறைந்தது, வரைபடங்கள் திறந்தன. பிறகு அதே ஆன்டிவைரஸின் புதிய பதிப்பை ஏற்றினோம், இரண்டும் ஒத்துப்போயின. கணக்கர் சேவ் செய்த ஒரு கோப்பு மட்டும் மீளவில்லை. முந்தைய வாரம் மெயிலில் அனுப்பிய பிரதியை வைத்துச் சமாளித்தார்கள்.

இதில் முறை ஒன்று இருக்கிறது. கோப்பு திறக்காவிட்டால் எல்லாரும் கை வைப்பது என்க்ரிப்ஷன் மென்பொருளில்தான். நீக்கிவிட்டு மறுபடி ஏற்றலாம் என்று நினைப்பார்கள். அதை நீக்கினால் சில மென்பொருள்களில் சாவியும் சேர்ந்து போகும். நீக்க வேண்டுமானால் கடைசியாக வந்ததை முதலில் நீக்க வேண்டும். என்க்ரிப்ஷனைத் தொடுவதென்றால் எல்லாவற்றையும் டீக்ரிப்ட் செய்து வெளியே எடுத்த பிறகுதான்.

இன்னொரு பையனின் கதை. தெரிந்த குடும்பம்தான், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். டிவிடி டிரைவ் காணாமல் போய்விட்டது என்பதற்காக இணையத்தில் ஒரு வழியைத் தேடிப் பிடித்தான். ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளை அழிக்கச் சொல்லும் வழி அது. டிவிடிக்கு அது பழைய, நல்ல வைத்தியம். ஆனால் அதே பெயரில் ஹார்ட் டிஸ்க் வகைக்கும் பதிவுகள் இருக்கும். இவன் தேடலில் வந்த எல்லா இடத்திலும் அழித்துவிட்டான். லேப்டாப் முழு டிஸ்க் என்க்ரிப்ஷனில் இருந்தது. அந்த என்க்ரிப்ஷன் டிரைவரின் பெயர் அழிந்த பதிவுகளில் ஒன்றில்தான் இருந்தது. அடுத்த ரீஸ்டார்ட்டில் 7பி என்று முடியும் ப்ளூ ஸ்கிரீன். அதாவது டிஸ்க்கையே எட்ட முடியவில்லை என்று பொருள்.

"அண்ணா, ரீ-இன்ஸ்டால் போட்டுடட்டுமா?" என்று போனில் கேட்டான். வேண்டாம், அப்படியே கொண்டு வா என்றேன். முதலில் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ கருவியால் டிஸ்க் முழுவதையும் இன்னொரு டிஸ்க்கில் அப்படியே பிரதி எடுத்தேன். இது என் கடையில் மீறக் கூடாத விதி. மூல டிஸ்க்கில் பரிசோதனை கிடையாது. பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, அதே என்க்ரிப்ஷன் மென்பொருளை ஏற்றி, அவன் பாஸ்வேர்டைப் போட்டதும் டிஸ்க் திறந்தது. அதிலிருந்த ரெஜிஸ்ட்ரி கோப்பை வெளியிலிருந்து ஏற்றி, அழித்த பெயரைத் திரும்ப எழுதினேன். பிரதியை லேப்டாப்பில் மாட்டியதும் அது எழுந்தது. பூட்டைத் திறக்கத் தெரிந்த சாவி கையில் இருந்ததால்தான் இது முடிந்தது.

டிரூகிரிப்ட் காலத்தையும் சொல்ல வேண்டும். 2004-ல் வந்த அந்த இலவச என்க்ரிப்ஷன் மென்பொருளை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் ஆடிட்டர்களும் நிறையப் பயன்படுத்தினார்கள். அதில் முழுதாகப் பூட்டிய வெளி டிஸ்க்கை விண்டோஸில் செருகினால், இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்கும். அதற்கு உள்ளே இருப்பது வெற்று எழுத்தாகத்தான் தெரியும். பலர் ஓகே அழுத்திவிடுவார்கள். டிஸ்க்கின் தலைப்பகுதி அழிந்துவிடும். 2008-ல் வந்த 6.0 பதிப்புக்குப் பிறகு பூட்டியவற்றில் தலைப்பகுதியின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்கும். அதை வைத்துத் தலையை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். 2014 மே 28 அன்று அதன் ஆசிரியர்கள் திடீரென்று வேலையை நிறுத்திவிட்டார்கள். 2015-ல் நடந்த தணிக்கையில் பின்கதவு எதுவும் இல்லை என்று வந்தது. ஆனால் அதே வருடம் கூகுளின் ஜேம்ஸ் ஃபோர்ஷா அதன் விண்டோஸ் டிரைவரில் இரண்டு ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். வழித்தோன்றலான வெராகிரிப்ட் அவற்றை அடைத்தது. பராமரிக்க ஆள் இல்லாத டிரைவரை நம்பி டேட்டாவை வைக்கக் கூடாது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்ல எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

இனி, உதவி கேட்பதைப் பற்றி. என் அறிவில் பெரும்பகுதி இணையத்தில் முகம் தெரியாதவர்கள் கொடுத்தது. டிரைவர் எழுதுகிறவர்கள், பாதுகாப்பு ஆராய்ச்சி செய்கிறவர்கள் என்று எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஸ்ரீராம்புரத்துக் கடைக்காரனுக்குப் பொறுமையாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். பதில் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் கேள்வியைப் பொறுத்தது. "என் ஃபைல் திறக்கவில்லை, அவசரம், உதவுங்கள்" என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. சைமன் டாதம் 1999-ல் பிழைகளைத் தெரிவிப்பது பற்றியும், எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் 2001-ல் கேள்வி கேட்பது பற்றியும் எழுதிய கட்டுரைகள் இன்றும் இணையத்தில் இருக்கின்றன. டாதம் சொல்வதன் சாரம், கண்ணால் பார்த்ததையும் மனதால் யூகித்ததையும் கலக்காதே என்பது. கடையில் வேலை கற்க வந்த பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் முதல் பாடமாக வைத்தேன்.

எழுத வேண்டியவை இவை. விண்டோஸின் பதிப்பு, அதன் முழு பில்டு எண். என்க்ரிப்ஷன் மென்பொருளின் பெயர், பதிப்பு. ஆன்டிவைரஸின் பெயர், பதிப்பு. எதை முதலில் ஏற்றினீர்கள், எதை அப்புறம். கடைசியாக நன்றாக ஓடியது எப்போது, அதற்குப் பிறகு என்ன மாறியது. ப்ளூ ஸ்கிரீன் என்றால் அதன் எண்ணும் அதில் வரும் டிரைவர் பெயரும், எழுத்துப் பிசகாமல். ஃபில்டர் பட்டியல் அப்படியே. சேஃப் மோடில் என்ன ஆகிறது. நீங்கள் ஏற்கெனவே செய்து பார்த்தவை, தோற்றவை உட்பட. இதை எழுதி முடிப்பதற்குள் விடை தானாகக் கிடைத்த சந்தர்ப்பங்கள் உண்டு. வரிசையாக எழுதும்போதுதான் முந்தாநாள் ஏற்றிய பேக்கப் மென்பொருள் நினைவுக்கு வரும்.

எங்கள் பிள்ளைகளில் பலர் தமிழிலோ கன்னடத்திலோ படித்தவர்கள். இங்கிலீஷ் சரியாக வராது என்று கேட்கவே தயங்குவார்கள். இலக்கணம் பிசகினால் யாரும் கோபிக்க மாட்டார்கள், எண் பிசகினால்தான் உதவி பிசகும் என்று சொல்லி எழுத வைத்திருக்கிறேன். அப்படித் தயங்கித் தயங்கி எழுதக் கற்றவர்கள் இன்று பெரிய கம்பெனிகளில் சப்போர்ட் வேலையில் இருக்கிறார்கள்.

எழுதக் கூடாதவையும் உண்டு. பூட்டைத் திறக்கும் ரிகவரி கீயை யாருக்கும் கொடுக்காதீர்கள், படத்திலும் காட்டாதீர்கள். ப்ளூ ஸ்கிரீனுக்குப் பிறகு விண்டோஸ் சேமிக்கும் முழு மெமரி டம்ப்பைப் பொதுவில் ஏற்றாதீர்கள். அந்த நேரத்தில் ராமில் இருந்த அத்தனையும் அதில் இருக்கும், என்க்ரிப்ஷன் சாவி உட்பட. உதவுகிறேன் என்று சொல்லி உங்கள் திரையைத் தன் கைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறவரை நம்பாதீர்கள். தீர்வு கிடைத்ததும் எது தீர்த்தது என்று திரும்பிப் போய் எழுதுங்கள். அடுத்து அதே சிக்கலில் மாட்டுகிற ஒருவருக்கு அது உயிர் கொடுக்கும். நான் கற்றதில் பாதி, அப்படி யாரோ திரும்பி வந்து எழுதி வைத்த கடைசி வரிகள்.

மறுபடி டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி காலை பத்து மணிக்குச் சற்று முன்னால், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட் உலகம் முழுக்க விண்டோஸ் சிஸ்டங்களை ப்ளூ ஸ்கிரீனில் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் சிஸ்டங்கள். இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு எளியது. சேஃப் மோடில் போய் 291 என்ற எண் கொண்ட கோப்பை அழித்தால் போதும். ஆனால் ஆபீஸ் சிஸ்டங்களில் விண்டோஸின் சொந்த டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இருந்தது. பூட்டிய டிஸ்க்கில் கோப்பை அழிக்க ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் 48 இலக்க ரிகவரி கீயை அடிக்க வேண்டியிருந்தது. கீ கைவசம் இருந்த இடங்களில் வேலை சீக்கிரம் முடிந்தது. கீயை வைத்திருந்த சர்வரே ப்ளூ ஸ்கிரீனில் நின்றால் அங்கே வழி அடைத்துக்கொள்ளும். ஒரு டிரைவரும் ஒரு பூட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் சின்னக் கடையில் கண்டதை அன்று உலகமே பார்த்தது. அந்த நவம்பரில், பாதுகாப்பு மென்பொருள்களை விண்டோஸின் அடிவயிறான கர்னலுக்கு வெளியே ஓட்ட வழி செய்வதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நடக்க வேண்டிய மாற்றம் அது.

இப்போது கடைக்கு வருவது வேறு வகைச் சிக்கல். 2014-ல் மெட்ரோ வந்தபிறகு பீன்யா பக்கமிருந்தெல்லாம் லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். தாங்கள் என்க்ரிப்ஷன் போட்டதே அவர்களுக்குத் தெரியாது. புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் இது இன்னும் பரவலாகிவிட்டது. ஒருநாள் பயாஸ் அப்டேட் ஆகும், அல்லது போர்டு மாற்றுவார்கள். நீலத் திரையில் ரிகவரி கீ கேட்கும். "எனக்கு யாரும் கீ குடுக்கலையே சார்" என்பார்கள். வேறொரு போனில் அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறக்கச் சொல்லி, திரையில் தெரியும் அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டு, பொருந்தும் கீயை எடுத்துக் கொடுப்பேன். எந்தக் கணக்கில் நுழைந்தோம் என்றே மறந்தவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

என்க்ரிப்ஷனை அணைத்துவிடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. பஸ்ஸில் தொலைந்த லேப்டாப்பில் இருக்கும் ஆதார் நகலும் வாடிக்கையாளர் கணக்கும் வேறொருவர் கைக்குப் போகாமல் காப்பது அந்தப் பூட்டுதான். பூட்டு அவசியம். அதைவிட அவசியம் சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது.

ஆகவே படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றைக்கே உங்கள் சிஸ்டத்தில் டிஸ்க் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் ரிகவரி கீயைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பயாஸ் அப்டேட்டுக்கு முன்னால் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். ஒரு சிஸ்டத்தில் ஓர் ஆன்டிவைரஸ், ஓர் என்க்ரிப்ஷன் மென்பொருள், அதற்குமேல் வேண்டாம். சிக்கல் வந்தால் எதையும் நீக்காதீர்கள், எதையும் சேவ் செய்யாதீர்கள். என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, பிறகு உதவி கேளுங்கள்.